‘ஒரு நிமிசம்’ மாமா

வண்டியை நிறுத்துவது வேறு, அணைப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் ‘ஒரு நிமிசம்’ மாமா குடியிருக்கிறார்.

ஜேடர்பாளையம் படுகை அணைப் பக்கம், மீன் வறுவல் கடைக்கு எதிரே அவருடைய வெள்ளை பிக்கப் வந்து நிற்கும். ஹேண்ட் பிரேக்கைப் போடுவார். கண்ணாடியை இறக்குவார். துண்டால் முகம் துடைப்பார். இறங்க மட்டும் மாட்டார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

“எறங்குங்க மாமா, மீனு ஆறிப்போவுது.”

“ஒரு நிமிசம் இரு மாப்ள, டர்போ ஆறோணும்.”

இவர் யார், வீடு எங்கே என்று தேடிக்கொண்டு போக வேண்டாம். பரமத்தி வேலூரில் வாழைத்தார் ஏற்றும் இடத்தில் ஒருவர் இருக்கிறார். கபிலர்மலையில் ஒருவர். நாமக்கல்லில் முட்டை ஏற்றுகிற கூட்டத்தில் நாலைந்து பேராவது தேறுவார்கள். புது டீசல் பிக்கப் எங்கெல்லாம் தவணைக்கு வந்து நின்றதோ அங்கெல்லாம் ஒரு மாமா முளைத்துவிட்டார். பழைய வண்டி வைத்திருந்தபோது அவரும் நம்மைப் போலச் சாதாரண மனிதராகத்தான் இருந்தார்.

கிண்டல் செய்யலாம், ஆனால் மாமா சொல்வதில் பொய் கிடையாது. இஞ்சினிலிருந்து வீணாக வெளியே போகும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் அனுப்பும் டர்போ சாமர்த்தியத்துக்கு ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். பாரத்தோடு விரட்டி வந்த வண்டியைச் சட்டென்று அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுபோகும். கொதிக்கிற தண்டைச் சுற்றித் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும். மாமாவின் ஒரு நிமிசம் அதற்குத்தான்.

சங்கடம் என்னவென்றால், காரணம் போன பிறகும் மாமா விதியை விடமாட்டார். கொடிக்கால் ஓரமாக, கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால், முந்தவும் வழியில்லாமல் ஊர்ந்து வந்த வண்டியில் டர்போ எப்போதோ ஆறியிருக்கும். கடைசி இரண்டு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் அதுவே போதும். இதைச் சொன்னால், “நீ சொல்லீட்டுப் போயிருவே, டர்போவுக்கு நீயா காசு குடுப்பே?” என்பார். வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனைக்கும் மாமா தொழில் பழகியது நேர் எதிரான குருகுலத்தில். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் சாவியைத் திருப்புவதற்கு முன் ஆக்சிலேட்டரில் கடைசியாக ஒரு முறுக்கு முறுக்குவார்கள். வீடு வந்து சேர்ந்ததை ஊருக்கு அறிவிக்கும் சங்கு அது. டர்போ வண்டியில் அப்படிச் செய்தால், தண்டை உச்ச வேகத்துக்கு ஏற்றிவிட்டு ஆயிலை நிறுத்தியது போலாகும். முப்பது வருடம் முறுக்கியவர் மாமா. இன்று பக்கத்துத் தெருவில் யாராவது முறுக்கினால் சோற்றுக் கையோடு எழுந்துபோய்ச் சண்டை பிடிக்கிறார். மதம் மாறியவர்தான் பூசையைத் தவறவிடமாட்டார்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு மெதுவாக நகர்த்த வேண்டும். ஆனால் டீக்கடையில் பேசி முடிக்கும்வரை வண்டியை ஓடவிட்டுப் போகக்கூடாது. அது கரி பிடிக்க வழி. அவர் மகனுக்கு இது பிடிபடவே இல்லை. “ஒரு நிமிசம் ஓடோணுமாம், அஞ்சு நிமிசம் ஓடக்கூடாதாம். எங்கப்பனுக்கு வண்டி ஓட்டறதுக்குக் கடிகாரக் கடைக்காரந்தான் வரோணும்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இனி கரிக் கதை. இதுதான் மாமாவின் குடும்ப வாழ்க்கையையே மாற்றியது. நாலாவது படிக்கு அப்புறம் ஐந்தாவதில் கால் வைக்காமல், 2020 ஏப்ரல் 1 முதல் நாடு நேராக பிஎஸ்-6 புகை விதிக்குத் தாவியது. டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி வந்தது. பிடித்த கரியை அதுவே எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அதற்குப் புகையின் சூடு ஏறக்குறைய அறுநூறு டிகிரியைத் தொட வேண்டும். நல்ல சாலையில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால் தொடும். மாமாவுக்கு ஓட்டம் எங்கே? வெல்ல ஆலையில் சிப்பம் ஏற்றுவது, பிலிக்கல்பாளையம் சந்தையில் இறக்குவது, திரும்புவது. கூப்பிடு தூரம். இஞ்சின் சூடேறுவதற்குள் சந்தை வந்துவிடும். கரி சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

“பைபாஸ்ல ஏறி நல்லா ஒரு ஓட்டு ஓட்டீட்டு வாங்க, தானா அணைஞ்சுரும்” என்றார் மெக்கானிக். மாமா ஆடிப்போனார். பாரம் ஏற்றாமல், வாடகை வாங்காமல், டீசலைக் கொட்டிச் சும்மா ஓட்டுவதா? பரமத்தி வேலூர் போய், காவிரிப் பாலம் தாண்டி, தவிட்டுப்பாளையம் வழியாகக் கரூர் போய்த் திரும்புவது என்று மனசில்லாமல் முடிவு செய்தார். அத்தைக்குப் பிறந்த ஊர் கரூர். மாமா ஹார்ன் அடிப்பதற்குள் பட்டுப் புடவையோடு முன் சீட்டில் இருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே நடந்த பயணம், அன்று முதல் விளக்குக்கு விளக்கு நடக்க ஆரம்பித்தது.

முதல் பயணத்தைக் கரூர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. மாமியார் வாசலில் காபி டம்ளரோடு நிற்கிறார். பிக்கப் வருகிறது. விளக்கு இன்னும் அணையவில்லை. கரி எரிந்துகொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தினால், அதை எரிப்பதற்காக உள்ளே தெளித்த டீசல் ஆயிலோடு கலந்துவிடும் என்று மாமாவுக்குப் பாடம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ஒரு நிமிசம் இருங்கத்தே, எரிஞ்சிட்டிருக்குது!” என்று கத்திவிட்டு மாப்பிள்ளை நிற்காமல் போய்விட்டார். எது எரிகிறது என்று தெரியாமல் மாமியார் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டார். அரவக்குறிச்சிப் பக்கம் வரை போய், விளக்கு அணைந்து, வண்டி திரும்பி வந்தபோது தெருவே குடத்துத் தண்ணீரோடு நின்றது. அன்று அத்தை முட்டைக் கரம் சாப்பிட்டதோடு சரி. பிறந்த வீட்டில் வேறு எதையும் கேட்கிற நிலைமை இல்லை.

ஆயில் குச்சியை எடுத்துப் பார்ப்பதிலும் மாமா புது ஜாதி. ஆயில் குறைந்தால் கவலைப்பட்டவர்கள் பழைய ஓட்டுநர்கள். ஏறினால் கவலைப்படுகிறவர் இவர். ஏறினால் டீசல் இறங்கியிருக்கிறது என்று பொருள், மாற்றியாக வேண்டும். வடிகட்டி வைத்த வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஆகும் என்பதால், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிப்பார். ஜாதகம் பார்க்கும்போதுகூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. டீசல் ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுவார். ஆலையில் பறக்கும் சக்கைத் தூசிக்குப் பயந்து ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றிப் பார்ப்பார்.

அவர் பிக்கப்பில் புகையைச் சுத்தமாக்கும் யூரியாத் தொட்டி கிடையாது. அதனால் என்ன, லாரி வைத்திருக்கும் பங்காளிக்கு அறிவுரை சொல்லத் தடையா? “வயலுக்கு வாங்குன மூட்டை கெடக்குது, தண்ணியில கரைச்சு ஊத்தீர்லாமா?” என்று பங்காளி ஒருநாள் கேட்டார். மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். லாரிக்கு ஊற்றுவது சுத்தமான நீரில் 32.5 சதவீத யூரியா. நம் வயல் யூரியாவோ 2015 முதல் வேப்பெண்ணெய் பூசி வருவது. “பயிருக்கு வேம்பு நல்லது பங்காளி, லாரிக்கு ஆவாது.” ஊரில் மாமா சொன்னதை ஒருவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கொல்லிமலைச் சண்டையையும் சொல்லவேண்டும். காரவள்ளிக்கு இறங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்பது மச்சான் மகனின் கட்சி. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் புது இஞ்சின் டீசலை அடியோடு நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் சும்மா ஓடுவதற்குக்கூடக் குடிக்கும். பிரேக்கும் காய்ந்து கருகும். மாமா இரண்டாம் கியரில் இறங்கி முடிக்கும்வரை பின்னால் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இவ்வளவு சுத்தபத்தமானவருக்கு ஒரே ஒரு சபலம். தை பிறக்கும் முன் வெல்லத்துக்கு விலை ஏறும்போது, முப்பது கிலோ சிப்பங்கள் அடுக்கடுக்காக ஏறும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை அப்போது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது. மேட்டில் வண்டி முக்கி முனகி, கிளட்ச் தீய்ந்த வாடை வந்தால் மூக்கை உறிஞ்சிவிட்டு, “பக்கத்தாலையில பாகு அடிப்புடிச்சிருச்சாட்ட இருக்குது” என்பார்.

சமீபத்தில் மாமாவின் கொழுந்தியாள் வீட்டுக் காதுகுத்து கரூரில் வைத்திருந்தார்கள். வண்டியோ அதற்கு முந்தின வாரம்தான் கரூர் போய்வந்தது. கரி சேர வாய்ப்பே இல்லை. காலையில் மாமா சாவியைத் திருப்பினார். அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, மஞ்ச வெளக்கு எரியுதுங்களே.”

“அது ஹீட்டர் பிளக்கு வெளக்கு அம்மிணி. ஸ்டார்ட் பண்றப்ப எரியும், தானா அணைஞ்சுரும்.”

“எரிஞ்சுதுல்லொ? மெக்கானிக் சொன்னது சொன்னதுதானுங்க” என்று அத்தை கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். “ஒரு நிமிசம் இருங்க. சீர்த்தட்டு உள்ளயே இருக்குது, எடுத்துட்டு வந்தர்றேன்.”