லோண்ட்ரி அறைச் சிபாரிசு

எண்பதுகளின் பிற்பகுதியில் ரொறன்ரோவின் வெலஸ்லி வீதியும் பார்லிமெண்ட் வீதியும் சந்திக்கிற இடத்தை அண்டி, செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கு, கீழ்த்தளத்து லோண்ட்ரி அறையின் புழுக்கமும் சவர்க்கார மணமும் மறந்திருக்காது. சனிக்கிழமை காலையில் 25 சதக் குற்றிகளைப் பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் நிரப்பிக்கொண்டு பெண்கள் இறங்கிப் போனால், உடுப்புக் காய்ந்து ஒரு மணித்தியாலம் கழிந்த பிறகும் மேலே வரமாட்டார்கள். எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், எந்த சூப்பர்வைசர் நல்ல மனுசன், யாரிடம் நம்பிச் சீட்டுக் கட்டலாம் என்பதெல்லாம் அங்கேதான் பேசித் தீரும்.

ஆண்களாகிய நாங்கள் அதற்கு ‘அலட்டல்’ என்று பெயர் வைத்திருந்தோம். நாங்களோ டோனட் கடையில் ஒரு கோப்பிக்கு மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து, இலங்கையின் எதிர்காலத்தையும் இடையிடையே சோவியத் யூனியனின் எதிர்காலத்தையும் தீர்மானித்துவிட்டு, மிகவும் களைத்துப்போய் வீடு திரும்புவோம். அங்கே தீர்மானிக்கப்பட்டபடி எந்த நாடும் நடக்கவில்லை, ஆனால் கீழே லோண்ட்ரி அறையில் ஒரு அக்கா, “தங்கச்சி, நிண்டு செய்யிற வேலை உமக்கு ஏலுமோ? ஏலுமெண்டால் திங்கள் விடிய என்னோட வாரும், நான் சூப்பர்வைசரிட்டச் சொல்லுறன்” என்றால், நேர்முகப் பரீட்சையும் நற்சான்றிதழும் நியமனக் கடிதமும் அதோடு முடிந்துவிடும். எனக்குக் கோப்பை கழுவும் வேலை கிடைத்ததும் அந்த வழியில்தான் என்பதை டோனட் கடை நண்பர்களுக்கு நான் சொன்னதில்லை.

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதிப் புகழ்பெற்றார். வேலை பற்றிய தகவல் நெருங்கிய சிநேகிதரைவிட, எப்போதாவது காண்கிற அறிமுகக்காரர் மூலமே அதிகம் வந்து சேர்கிறது என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு வந்த புத்தகத்துக்காக அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டனில் 282 பேரை ஆராய்ந்தார். அத்தனை பேரும் ஆண்கள். எங்கள் கட்டடத்து மெஷின் சுழலும் நேரத்தில் ஒரு தரம் இறங்கி வந்திருந்தால் மனுசனுக்கு இன்னொரு புத்தகமே கிடைத்திருக்கும்.

அந்தப் புத்தகத்தில் ஒரு சோகமான அத்தியாயமும் இருந்திருக்கும். லோண்ட்ரி அறைச் சிபாரிசு பக்கவாட்டில் மட்டும்தான் போகும். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்த ரீச்சர் இங்கே பிஸ்கட் பெட்டி அடுக்கினால், பக்கத்தில் நிற்கிறவவும் பெட்டி அடுக்குகிறவ. அவ சிபாரிசு செய்யக்கூடியது இன்னொரு பெட்டி அடுக்கும் வேலையைத்தான். மேலே போக ‘கனடிய அனுபவம்’ வேண்டும் என்றார்கள். அனுபவத்துக்கு வேலை வேண்டும், வேலைக்கு அனுபவம் வேண்டும். அப்படிக் கேட்பது பாரபட்சமாகும் என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இல் சொன்னபோது, அந்த ரீச்சர் ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கியிருந்தா.

மேல்மாடி உத்தியோகங்கள் எங்கே பங்கிடப்பட்டன என்பதை நான் கோப்பைத் தொட்டிப் பக்கம் நின்று கொஞ்சம் பார்த்திருக்கிறேன். நகர மையத்து மதிய உணவுச் சங்கம் ஒன்று. குசினிக் கதவு ஆடித் திறக்கும்போதெல்லாம் சூப் கோப்பைகளுக்கு மேலே ஒருவர் இன்னொருவருக்கு ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்கிறவரும் ஆண், சொல்லப்படுகிற பெயரும் ஆண் பெயர். இந்த நகரத்துக்கு அது பழைய பழக்கம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் மாணவர் மையமான ஹார்ட் ஹவுஸ் 1919இல் திறந்தது. பெண்களுக்கு முழு உறுப்புரிமை கிடைத்தது 1972இல். 1957இல் அமெரிக்கச் செனட்டர் ஜோன் எஃப். கென்னடி அங்கே விவாதத்துக்கு வந்தபோது, உள்ளே விடப்படாத மாணவிகள் வெளியே நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். 1908இல் தொடங்கிய ஆர்ட்ஸ் அண்ட் லெட்டர்ஸ் கிளப் பெண்களைச் சேர்க்க 1985 வரை எடுத்துக்கொண்டது. அதுவரை காத்திருக்க விரும்பாத பெண்கள் 1909இலேயே ஹெலிகோனியன் கிளப்பைத் தொடங்கி, இன்றும் யோர்க்வில்லில் நடத்துகிறார்கள்.

இப்போது எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்கிறார்கள். 1997இல் பமேலா ஜெஃப்ரி பெண் நிர்வாகிகளுக்கென்றே இங்கே ஒரு வலையமைப்பைத் தொடங்கினார். குடிவந்தவர்களுக்கு அதே துறையில் ஊறியவர்களை வழிகாட்டியாக இணைக்கும் திட்டம் 2004இல் வந்தது. பங்குச் சந்தை நிறுவனங்கள் இயக்குநர் சபையில் எத்தனை பெண்கள் என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்ற விதி 2014 முடிவில் வந்தது. யாழ்ப்பாணத்து வேம்படி, சுண்டிக்குளி, உடுவில் மகளிர் பாடசாலைகளின் பழைய மாணவியர் நடத்தும் இராப்போசன விருந்துகளில் டொக்டர்களும் கணக்காளர்களும் சட்டத்தரணிகளும் மேசைக்கு மேசை நிறைந்திருக்க, கணவன்மார் நாங்கள் கைப்பைகளுக்குக் காவலிருக்கிறோம். காலம் மாறியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனாலும் வங்கிகள் நிறைந்த பே வீதியில் வேலை செய்கிற என் மகள் ஒரு ‘கோப்பிச் சந்திப்பு’க்கு மூன்று கிழமை முன்னதாக நாட்காட்டியில் இடம்பிடித்து, அரை மணித்தியாலம் கணினித் திரையைப் பார்த்துச் சிரித்து, கடைசியில் தன் கோப்பியைத் தானே போட்டுக் குடிக்கும்போது, கோப்பியே இல்லாமல் நடந்த அந்தக் கீழ்த்தளத்துச் சந்திப்புகள் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கின்றன. லிங்க்ட்இன்னில் அவளுக்கு ஆயிரக்கணக்கில் அறிமுகம். “அப்பா, புத்தி சொல்ல எத்தினையோ பேர் இருக்கினம். பதவி உயர்வுக் கூட்டத்தில என்ர பேரைச் சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை” என்றாள் ஒருநாள். பெண்களுக்கு வழிகாட்டிகள் தாராளமாகக் கிடைக்கிறார்கள், தன் செல்வாக்கைப் பணயம் வைத்துப் பரிந்து பேசுகிறவர்தான் கிடைப்பதில்லை என்று மேலாண்மை ஆய்வாளர் ஹெர்மினியா இபாராவும் சகாக்களும் 2010இல் ஆராய்ந்து எழுதியதும் இதையேதான். லோண்ட்ரி அறை அக்கா புத்தி ஒன்றும் சொல்லவில்லை. நேரே போய்ப் பெயரைச் சொன்னா. சொன்ன பெயர் கெட்டுப்போனால் தன் வேலைக்கும் ஆபத்து என்று தெரிந்துதான் சொன்னா.

ஆகையால் மேல்மாடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிற தங்கச்சிமாரே, தம்பிமாரே, மகளிர் தினத்துக்கு இன்னொரு கருத்தரங்கு வைக்கவேண்டாம். அடுத்த கூட்டத்தில் அந்த அறைக்குள் இல்லாத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள், சொன்ன பிறகு அவளுக்குப் பொறுப்பும் நில்லுங்கள்.