இன்னும் ஒரே ஒரு வாய்

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய ஆச்சி, வேளச்சேரி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்து எடை பார்த்துவிட்டார்.

“ஏல, என்னல இது? புள்ள பாதியாப் போயிட்டானே!”

பையனுக்கு இரண்டரை வயது. எடை 13 கிலோ 300 கிராம். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது 12 கிலோ. கூடிய எடை எந்தக் கணக்கில் பாதியாகும் என்று கேட்க மகனுக்கு நாக்கு துறுதுறுத்தது, கேட்கவில்லை. ஆச்சியின் இடுப்பு, முத்திரை போடாத தராசு. அது சொன்னால் சொன்னதுதான். மருமகள் காபி போடும் சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டார். தாத்தா மட்டும் பெட்டியை இறக்கிக்கொண்டே, “இவனப் பெத்த காலத்துலயும் இவ இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா” என்று மகனைக் காட்டிப் பொதுவாக அறிவித்தார். மகன் இப்போது 84 கிலோ.

பெட்டிக்குள்ளிருந்து வறுத்து அரைத்த கேப்பை மாவு, கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய், ஒரு சின்னப் பொட்டலத்தில் வசம்பு எல்லாம் வந்தன. பையனுக்கு அதில் பிடித்தது பெட்டிதான். காலியானதும் உள்ளே ஏறி உட்கார்ந்து ஜிப்பை மூடச் சொன்னான்.

ஆச்சியின் கவலைக்குக் குழந்தை மருத்துவத்தில் பதில் இல்லாமல் இல்லை. மூன்று கிலோவில் பிறக்கிற குழந்தை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்காகிறது, முதல் பிறந்தநாளில் மூன்று மடங்கு. அதோடு வேகம் சட்டென்று குறைந்துவிடும். இரண்டாவது வருடம் முழுக்க ஏறுவது இரண்டரை கிலோ அளவுதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் மெதுவாகிறது. ஒரு வயதில் கிண்ணத்தை வழித்து நக்கியவன், இரண்டு வயதில் நாலு வாயோடு முகத்தைத் திருப்புவது இதனால்தான். போதாததற்கு, புதுச் சாப்பாட்டைக் கண்டால் சந்தேகப்படுகிற குணமும் அந்த வயதில்தான் தலைகாட்டுகிறது. முதல் வருட வேகத்திலேயே, வருடத்துக்கு மூன்று மடங்கு என்று போனால், ஐந்தாவது பிறந்தநாளன்று பையன் 729 கிலோ இருப்பான். மகன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு ஆச்சியிடம் காட்டினார்.

“இருந்தா நல்லதுதான” என்றார் ஆச்சி.

சளிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் மருத்துவர் வளர்ச்சி அட்டவணையை எடுத்தார். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது அது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் பிள்ளைகளோடு தில்லிப் பிள்ளைகளையும் அளந்து உருவாக்கியது. மருத்துவர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, “ஐம்பதாவது சதமானம். கச்சிதமா இருக்கான்” என்றார்.

ஆச்சி திடுக்கிட்டார். “நூத்துக்கு அம்பதுதானா? பாஸ் எவ்வளவு சார்?”

நூறு பிள்ளைகளை எடைப்படி வரிசையாக நிறுத்தினால் இவன் சரியாக நடுவில் நிற்பான், அவ்வளவுதான் என்று மகன் விளக்கினார். “நம்ம வீட்டுப் புள்ள எதுக்கு நடுவுல நிக்கணும்?” என்றார் ஆச்சி. அதற்கு மருத்துவரிடமும் பதில் இல்லை. உண்மையில் அந்த அட்டவணையில் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. புள்ளிகளைச் சேர்த்தால் வருகிற கோடு தன் பாதையில் ஒழுங்காக ஏறுகிறதா என்றுதான் மருத்துவர்கள் பார்ப்பார்கள். பதினைந்தாவது சதமானத்தை ஒட்டியே நிதானமாக ஏறும் ஒல்லிக்குழந்தையைவிட, எண்பத்தைந்திலிருந்து மளமளவென்று சரிகிற கொழுக் மொழுக் குழந்தைதான் அவர்களை யோசிக்க வைக்கும். தாத்தா தலைமுறைக்கு எடை என்றால் ரயில்வே ஸ்டேஷன் இயந்திரத்தில் காசு போட்டு வாங்கிய அட்டைதான். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். எடை எப்படி இருந்தாலும் பலனில் நல்லதாக ஏதாவது போட்டிருக்கும்.

இரவு எட்டு மணிக்குப் பருப்புச்சோறு. ஆவி பறக்கும் சோற்றைத் தட்டில் பரத்தி ஆறவிட்டு, பாசிப்பருப்பும் உப்பும் நெய்யும் சேர்த்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்துப் பருக்கை தெரியாமல் மசித்தார் ஆச்சி. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீரகத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். ஒரு சீரகம் நாக்கில் பட்டாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. “பூச்சி” என்று சொல்லி வாயில் உள்ளதையும் வெளியே தள்ளிவிடுவான்.

பிள்ளைத்தமிழில் ஏழாவதாக வருவது அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிட வேண்டும். நிலா சுலபத்தில் வராது என்பதால் சாமம், தானம், பேதம், தண்டம் என நான்கு உபாயங்களையும் புலவர்கள் அதனிடம் காட்டினார்கள். பாடுவதற்குச் சிரமமான இடம் அது. பிள்ளைக்கவிக்கு அம்புலி புலி என்று ஒரு பேச்சே உண்டு. ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அந்தப் புலியை அடக்கியவர். அவர் ஐந்து வயது வரை பேசாமல் இருந்தார் என்பார்கள். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. திருநெல்வேலிச் சீமையில் இந்த இரண்டாவது பாதி ஒன்றும் அதிசயமில்லை.

புலவர்கள் நிலாவிடம் காட்டிய அத்தனையையும் ஆச்சி பேரனிடம் காட்டினார். முதலில் கெஞ்சல்: “எய்யால்லா, என் ராசால்லா, ஒரே ஒரு வாய்.” அடுத்து, தட்டு காலியானால் கடலைமிட்டாய். அதற்கும் மசியாததால், “நீ திங்கலன்னா பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் குடுத்துருவேன் பாத்துக்க.” பையன் சற்றும் யோசிக்காமல், “குடு” என்றான். கடைசியில் பால்கனியில் பூச்சாண்டி வந்து நிற்பதாகச் சொல்லப்பட்டது. “எங்க?” என்று ஆசையாக ஓடினான். பூச்சாண்டி இல்லாததில் அவனுக்கு வருத்தம். திரும்பி வர மறுத்துவிட்டான்.

இதன் பிறகு மொத்தக் குடும்பமும் களத்தில் இறங்கியது. அப்பா ஹெலிகாப்டர் ஓட்டினார். தாத்தா காக்காய்க் குரல் கொடுத்ததில் எதிர் பிளாக்கில் ஒருவர் ஜன்னலைச் சாத்தினார். வாய்க்கு ஒரு பெயர் வைத்து ஊட்டும் பழைய முறையும் வந்தது. இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு, இது பாளையங்கோட்டைப் பெரியதாத்தாவுக்கு, இது தூத்துக்குடி அத்தைக்கு. அம்மா வழி, அப்பா வழி என்று சொந்தமெல்லாம் எட்டு வாயில் தீர்ந்துவிட்டது. அடுத்த வாய் வாசல் செக்யூரிட்டிக்கு, அதற்கடுத்தது லிஃப்ட்டுக்கு. நேரில் பார்த்தே இராத ஒரு சின்னத் தாத்தாவின் பெயர் அந்தப் பையனுக்கு மனப்பாடமாகத் தெரியும். அவருக்கான வாயை மட்டும் எப்போதும் துப்பிவிடுவான். காரணம் அவனுக்கே வெளிச்சம்.

துப்பியது சோபாவில், சுவரில், தாத்தாவின் பனியனில். குழந்தை சின்னக் கையை நீட்டி, தொட்டு, கவ்வி, துழாவி, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்வதைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் பாடிவைத்திருக்கிறான். அந்தச் சின்னக் கை அளைந்த கூழ் அமிழ்தைவிட இனிது என்றார் வள்ளுவர். அவர்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தரையை யார் துடைத்தார்கள் என்பதை மட்டும் இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள். பாண்டியனுக்காவது அரண்மனையில் ஆள் இருந்திருக்கும். இங்கே மருமகள் ஈரத்துணியோடு வந்தார்.

நிலாவைக் காட்டலாம் என்றால் அது பி பிளாக்குக்குப் பின்னால் போய்விட்டது. ஆகவே செல்போன் வந்தது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதன் பிறகு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தவர் மருமகள். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று போனை நீட்டியவரும் அவர்தான். பாட்டு தொடங்கியதும் பையனின் வாய் தானாகத் திறந்தது. பத்து நிமிடத்தில் தட்டு காலி. பசித்ததா, வயிறு நிறைந்ததா என்று கவனிக்கவே பழகாமல் போகும் என்று குழந்தை மருத்துவர்கள் அடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் அந்தக் காலித் தட்டைப் பார்த்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் மருத்துவர் நினைவு வரவில்லை.

தாத்தாவுக்கு இதில் ஊர்ப்பெருமை வேறு. பையன் பார்த்த அந்தச் ‘சூச்சூ டிவி’ சென்னைச் சரக்கு. 2013இல் வினோத் சந்தர் தன் மகளுக்காகச் செய்த ஒரு குட்டி அனிமேஷனில் தொடங்கியது. அந்த மகளின் செல்லப்பெயர்தான் சூச்சூ. உலகத்தில் எந்த மூலையிலோ ஒரு பிள்ளை வாயைத் திறக்க இங்கேயிருந்து பாட்டு போகிறது என்பதில் தாத்தாவுக்கு மெத்தத் திருப்தி. “ஆனா எங்களுக்கெல்லாம் பாட்டு எதுக்கு? சோத்தக் கண்டாப் போதும்” என்று ஆரம்பித்தார்.

1960களில் அவர் வீட்டில் பிள்ளைகள் எட்டுப் பேர். சாயங்காலம் முற்றத்தில் அரைவட்டமாக உட்கார வேண்டும். நடுவில் அவருடைய அம்மா பெரிய சட்டியோடு இருப்பார். மத்தியானச் சோற்றையும் மிச்சக் குழம்பையும் பிசைந்து, வரிசையாக நீளும் கைகளில் உருண்டை வைத்துக்கொண்டே வருவார். உருண்டையில் கட்டைவிரலால் குழி பண்ணி, சுண்டிய குழம்பை அதில் கொஞ்சம் விட்டு வாங்க வேண்டும். குழம்பு மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்குப் போவதற்குள் நக்கிவிட வேண்டும். அது தனித் திறமை. ஒரு சுற்று வந்து முடிப்பதற்குள் முதல் கை மறுபடி காலியாக நிற்கும். ஒரு நாள் தாத்தாவின் தம்பி எதற்கோ கோபித்துக்கொண்டு எழுந்து போனார். சமாதானம் பண்ண ஒருவரும் போகவில்லை. அவர் பங்கு மற்ற ஏழு கைகளுக்குப் பிரிந்தது. “அன்னையில இருந்து அவன் கோவப்படுறதா இருந்தாச் சாப்பிட்டுட்டுத்தான் கோவப்படுவான்.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் அடம்பிடிக்காமல் தின்றதற்குப் பாதிக் காரணம் சோறு போதாமல் இருந்தது என்பதைத் தாத்தா சொல்ல மாட்டார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டதால் இல்லை. இன்றைக்குக் கணக்கு தலைகீழ். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. அன்று ஒரு சட்டியைச் சுற்றி எட்டு வாய் இருந்தது; வேளச்சேரியில் ஒரு வாயைச் சுற்றி எட்டுக் கை இருக்கிறது. இவ்வளவு பேர் வேடிக்கை காட்டும்போது எந்தப் பிள்ளைதான் சீக்கிரம் சாப்பிட்டு முடிக்கும்?

மருமகள் எங்கோ படித்துவிட்டு வந்து கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் கதையைச் சொன்னார். அவர் 1920களில் தொடங்கி, தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்கு முன்னால் முப்பதுக்கு மேற்பட்ட உணவு வகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எதை எவ்வளவு தின்பது என்பது குழந்தையின் இஷ்டம். பக்கத்தில் நர்ஸ் கரண்டியோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை ஒன்றைக் கேட்டுக் கை நீட்டினால் மட்டும் கொடுக்கலாம். ஊட்டுவது, கெஞ்சுவது, இது நல்லது என்று தலையாட்டுவது எல்லாவற்றுக்கும் தடை. குழந்தைகள் கண்டபடிதான் தின்றன. ஒரு குழந்தையின் காலைச் சாப்பாடு ஆரஞ்சுச் சாறும் ஈரலும். ஆனாலும் எல்லாமே நன்றாக வளர்ந்தன. சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் என்று டேவிஸே சொல்லிவிட்டார். சர்க்கரையோ மைதாவோ அதில் கிடையாது. நம் வீட்டுப் பட்டியலில் கடலைமிட்டாயும் கிரீம் பிஸ்கட்டும் இருக்கிற வரை பிள்ளையின் இஷ்டத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

“சும்மா உக்காரதுக்குச் சம்பளமா?” என்றார் ஆச்சி. இருந்தாலும் ஒரு ராத்திரி செய்து பார்க்க ஒப்புக்கொண்டார். பையன் முன்னால் தட்டு வைக்கப்பட்டது. ஆச்சி கரண்டியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். பையன் ஒரு பருக்கையை எடுத்துப் பொம்மைக் காரின் கூரையில் வைத்தான். இன்னொன்றை டிரைவர் சீட்டில். மூன்றாவதைத் தன் வாய்க்கருகே கொண்டுபோனபோது ஆச்சியின் வாய் ‘ஆ’ என்று திறந்துகொண்டது. ஊட்டிப் பழகிய எந்தப் பெண்மணியாலும் அதைத் தடுக்க முடியாது. பையன் அதைக் கவனித்து, அந்தப் பருக்கையை மரியாதையாக ஆச்சியின் வாயில் வைத்தான். அமெரிக்க ஆராய்ச்சி அத்தோடு நின்றது.

அந்த வாரம்தான் பிளே ஸ்கூல் திறந்தது. டப்பாவில் இரண்டு இட்லியும் சர்க்கரையும் போயின. டப்பா காலியாக வந்தது. ‘முழுவதும் தானே சாப்பிட்டான்’ என்று டைரியில் மிஸ் எழுதியிருந்தார்.

“எங்க பயலா? வேற யாரு டைரியவோ மாத்திக் குடுத்திருக்காவ” என்றார் ஆச்சி.

மறுநாள் அவரே நேரில் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பாயில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். மிஸ் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு மூக்கு துடைக்கப் போய்விட்டார். பையன் குனிந்த தலை நிமிராமல் இரண்டு இட்லியையும் முடித்தான். விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினான். பிறகு இடமும் வலமும் பார்த்து, பக்கத்துப் பையன் டப்பாவிலிருந்து அரை இட்லியைச் சத்தமில்லாமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஆச்சி வேகவேகமாக வீட்டுக்கு வந்தார். “நான் அப்பமே சொன்னேன், யாராவது கேட்டியளா? புள்ள அடுத்தவன் டப்பாவுல கைய வைக்கான். ரெண்டு இட்லி அவனுக்கு எந்த மூலைக்கு? நாளையில இருந்து நாலு வச்சு விடு தாயீ.”