மீட்டிங் மேனேஜர்

மீட்டிங் மேனேஜர் அலுவலகம் உள்ள ஊர்களிலெல்லாம் காணப்படுபவர். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் நெருக்கமாக வாழ்கிறார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதி மூடிய லேப்டாப். முழுதாக மூடினால் இணைப்பு போய்விடும் என்பதால் இடையில் விரலைக் கொடுத்தபடியே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடப்பார்.

இரண்டு வரியில் எழுதி அனுப்பக்கூடிய செய்திக்கு அரை மணி நேரக் கூட்டம் போடுவது இவரது இயல்பு. வெள்ளிக்கிழமை சர்வர் நிறுத்தப்படும் என்பது செய்தியானால் பதினோரு பேருக்கு அழைப்பு போகும். அதில் ஒன்பது பேருக்கும் அந்த சர்வருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "ஸ்கிரீன் தெரியுதா?", "சார், மியூட்ல இருக்கீங்க" என்பதில் ஐந்து நிமிடம் கழியும். பிந்தி வந்தவருக்காக எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். செய்தியைச் சொல்ல ஆவது ஒரு நிமிடம். மிச்ச நேரம், அடுத்த கூட்டத்தை என்றைக்கு வைப்பது என்ற ஆலோசனைக்கு.

இவருடைய முன்னோர்களை 1957இல் வெளிவந்த தன் நூலில் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் பதிவு செய்திருக்கிறார். அவர் காட்டும் குழு, கோடிகளை விழுங்கும் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது. சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறது. அணு உலை யாருக்கும் புரியாது. கொட்டகைக்குக் கூரை போட எல்லோருக்கும் தெரியும்.

கூட்டங்களைக் குறைக்கும் என்ற நம்பிக்கையோடு அலுவலக அரட்டைச் செயலிகள் வந்தன: 2013இல் ஸ்லாக், 2017இல் டீம்ஸ். மீட்டிங் மேனேஜர் இரண்டையும் வரவேற்றார். யார் பெயருக்கு அருகே பச்சைப் புள்ளி எரிகிறது என்று பார்க்க வசதி. முதலில் "ஹாய்" என்று மட்டும் வரும். பதில் போட்டால் "ஃப்ரீயா?". அதற்கும் பதில் போட்டவர் தொலைந்தார்: "ஒரு குவிக் கால்." விவரம் அறிந்தவர்கள் புள்ளியைச் சிவப்பாக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

எழுத்தில் தீராத விஷயங்களும் உண்டு. சம்பள உயர்வு இல்லை என்பதையும், ஆள்குறைப்பையும் எதிரே உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். இவர் அவற்றை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்.

ஆள் பொல்லாதவர் அல்ல. நிரல் எழுதுபவருக்குக் காட்ட நிரல் இருக்கிறது. இவருக்குக் காட்ட நாட்காட்டிதான் இருக்கிறது. அது காலியாகக் கிடந்தால் மேலிடம் என்ன நினைக்கும்? கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் 2023 ஜனவரியில் இரண்டு பேருக்கு மேல் கூடும் வழக்கமான கூட்டங்களை நாட்காட்டிகளிலிருந்து மொத்தமாக அழித்தபோது, அங்கே இருந்த இவரது இனத்தாருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவரை அடக்கத் தெரிந்த சாதனம் ஒன்று இருந்தது. காசு கட்டாத ஜூமில் கூட்டம் நாற்பதாவது நிமிடத்தில் தானே அறுந்துவிடும். கம்பெனிகள் பணம் கட்டி அந்தத் தடையை நீக்கிக்கொண்டன.