வெள்ளைக்காரப் பிள்ளைக்கு முன்ஷி

1800-இல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் திறந்தார். கப்பலிலிருந்து இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிப் பையன்களுக்கு ஊர்ப்பேச்சு தெரியாது. ஆனாலும் யாரும் அவர்களை மக்கு என்று சொல்லவில்லை. வங்க மொழி சொல்லித்தர வில்லியம் கேரி, துணைக்குப் பண்டிதர்கள், முன்ஷிகள் என்ற மொழி ஆசிரியர்கள். பாடப் புத்தகம் இல்லையா? அவர்களில் ஒருவரான ராம்ராம் பாசு 1801-இல் ஒன்றை எழுதியே கொடுத்துவிட்டார். வங்காளி ஒருவர் எழுதி அச்சேறிய முதல் வங்க உரைநடை நூல் அதுதான் என்பார்கள்.

இன்று அதே ஊரில், பீகாரிலிருந்து வந்த டாக்சிக்காரர் மகள் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்கிறாள். ‘மே ஐ கோ டு டாய்லெட்’ வாயில் வராமல் பாவாடையை நனைத்துக்கொள்கிறாள். டைரியில் சிவப்பு மையில் குறிப்பு: வீட்டில் இங்கிலீஷ் பேசவும். அந்தக் குறிப்பும் இங்கிலீஷில்தான்!

ஆள வந்தவனுக்குத் தந்த முன்ஷியில் பாதியாவது படிக்க வந்தவளுக்குத் தாருங்கள், ஐயா.