கண்ணுக்குக் கண் கொடை

கேள்வி: சுண்ணாம்பு தெறித்து வெண்படலம் பழுதான கண்ணுக்கு ஸ்டெம் செல், நானோ வைத்தியம் எல்லாம் வந்திட்டுதாம். இனிக் கண்தானம் தேவையில்லைத்தானே?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: அவசரப்பட்டுக் கண்ணை மூடாதேங்கோ! ஒரு கண் மட்டும் வெந்திருந்தால் மற்றக் கண்ணே கொடையாளி. அதன் கருவிழி ஓரத்தில் 2 மில்லிமீற்றர் துண்டு எடுத்து, சிறுசிறு துணுக்குகளாக்கி, பழுதான கண்ணில் விரித்த பனிக்குடச் சவ்வில் ஒட்டுவார்கள். அதிலுள்ள ஸ்டெம் செல்கள் பெருகிப் பரவும். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட முறை இது. வெண்படலத்தை ஆற்றும் நானோ மருந்துகளோ பெரும்பாலும் இன்னும் ஆய்வுகூடத்தில்தான். ஆழமாக வெளுத்த படலத்துக்குத் தானக் கண்தான் வேண்டும். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கும் கண் அனுப்புகிறது. இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஆகவே உங்கள் விருப்பத்தை வீட்டாரிடம் இன்றே சொல்லி வையுங்கோ.