பானெட்டைத் தட்டுகிறேன், மாமா

வினிபெக், கனடா
தை மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தையின் மூட்டுவலி எப்படி? செண்டுவரையில் உறைபனி விழுந்து கொழுந்து கருகியதையும், அதைப் படம் பிடிக்க வந்த கார்கள் மூணாறு ரோட்டை அடைத்து நிற்பதையும் எழுதியிருந்தீங்க. பூஜ்யம் டிகிரிக்கே இத்தனை ஆர்ப்பாட்டமா? இங்கே நேற்று மைனஸ் 30. ஒருத்தரும் செல்ஃபி எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றினால் விரல் மிஞ்சுமா என்கிற பயம்.

இந்த ஊர்க் கார்களுக்கு வால் முன்பக்கம். பானெட்டுக்கு அடியிலிருந்து வயரும் பிளக்கும் தொங்கும். ராத்திரி அதைக் கரன்டில் குத்திவிட்டால் உள்ளே ஒரு ஹீட்டர் இன்ஜினைச் சூடாகவே வைத்திருக்கும். லயத்துப் பையன்கள் நாங்க எட்டுப் பேர் உங்க ஜீப்பை இறக்கத்தில் தள்ளிக் கிளப்புவோமே, அந்த வேலை.

என் கரன்ட் பில்லில் ஒரு பூனை குளிர்காய்கிறது. யாரும் வளர்க்காத சாம்பல் கடுவன். சக்கரத்தின் மேல் ஏறி இன்ஜினுக்குப் பக்கத்தில் சுருண்டுகொள்ளும். தெரியாமல் சாவியைத் திருப்பினால் ஃபேனும் பெல்ட்டும்... வேண்டாம், அத்தை படிப்பாங்க.

அதனால் தினமும் காலையில் பானெட்டில் நாலு தட்டு. நீங்க ஜீப்பின் குலம் கோத்திரம் சொல்லித் திட்டிக்கொண்டே தட்டுவீங்களே, அதே தட்டு. திட்டு மட்டும் மனசுக்குள். எதிர்வீட்டுப் பாட்டி, வண்டி மேல் என்ன கோபம் என்று கேட்டார். உள்ளே யார் இருக்கிறார்களோ, சொல்லிவிட்டுத்தானே கிளம்பணும் என்றேன். 2022-ல் மலப்புறம் வழிக்கடவு போய் வந்த காரில் ஒரு ராஜநாகம் ஒளிந்து கோட்டயம் ஆர்ப்பூக்கரை வரை வந்த கதையையும் சொன்னேன். அன்றிலிருந்து பாட்டி என் காருக்குப் பத்தடி தள்ளித்தான் நடக்கிறார்.

நம்ம தட்டுக்கு ஜப்பானில் பெயரே உண்டு. ‘நெக்கோ பன்பன்’. நெக்கோ என்றால் பூனை, பன்பன் என்றால் தட்டுகிற சத்தம். நிசான் கம்பெனி 2015-ல் இதை ஊரறியப் பிரசாரம் செய்தது. நீங்க காப்புரிமை வாங்காமல் விட்டது தப்பு.

இன்னொரு ஆபத்து கூலன்ட். ஒழுகிக் கிடந்தால் பூனை நக்கிவிடும். முதலில் சம்பள நாள் ராத்திரி கடைத்தெருவில் சில பேர் வருவார்களே, அப்படித் தள்ளாடும். பிறகு கிட்னி போய்விடும். ஒன்றிரண்டு டீஸ்பூன் போதும். அதனால் காருக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்து எனக்கும் இடுப்பு பிடித்துவிட்டது.

பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே தெர்மோகோல் ஒட்டி, கடுவனுக்குத் தனி வீடும் கட்டினேன். மெத்தைக்கு அம்மாவின் எஸ்டேட் கம்பளி. பாட்டி வந்து உருவி எறிந்தார். ஈரத்தைக் குடித்து உறைந்து பூனையையே விறைக்க வைக்குமாம், வைக்கோல்தான் சரியாம். மூன்று தலைமுறையைக் காப்பாற்றிய கம்பளிக்கு இப்படி ஓர் அவமானம்! கடுவனோ வைக்கோல் மாளிகையை மோந்து பார்த்துவிட்டு என் இன்ஜினுக்கே திரும்பிவிட்டது.

இன்று காலை வழக்கம்போலத் தட்டினேன். வரவில்லை. மறுபடி தட்டினேன். பானெட்டைத் திறந்தும் பார்த்தேன், பூனை இல்லை. சாவியைத் திருப்பினால் வண்டி முனகக்கூட இல்லை. ராத்திரி பிளக்கைக் குத்த மறந்திருக்கிறேன். கடுவனுக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது. பாட்டியின் கார் பானெட்டிலிருந்து இறங்கி வந்து என்னை ஒரு பார்வை பார்த்தது.

இதை பஸ்ஸில்தான் எழுதுகிறேன். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகன்