கங்காணி இல்லாத கடவுள்

கேள்வி: சாதி பார்க்கிற கோயில், காணிக்கை, சடங்கு எல்லாமே வெறுத்துப்போய்விட்டது. கடவுளே இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. டீயிசத்தில் சேர்ந்துவிடலாமா?
– வாசகர் ஒருவர், புசல்லாவை

பதில்: எங்கே போய்ச் சேர்வீர்கள்? அதற்குக் கோயிலும் இல்லை, சந்தாவும் இல்லை. படைத்தவர் ஒருவர் உண்டு, படைத்த பிறகு தலையிடுவதில்லை என்பது டீயிஸ்டுகளின் கட்சி. தோட்டத்தைத் திறந்துவிட்டு லண்டனுக்குக் கப்பலேறிய துரை மாதிரி. கங்காணித் தொல்லை கிடையாது. மனுக் கொடுத்தாலும் போய்ச் சேராது. இந்தக் கொள்கையை 1794இல் புத்தகமாக எழுதிய தாமஸ் பெயினின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

நம் மலையகத்தில் கவ்வாத்துக்கு ஒரு சாமி, பெக்டரிக்கு ரோதமுனி என்று தெய்வங்களுக்கே வேலை கொடுத்து வைத்திருக்கிறோம். ஓய்வுபெற்ற கடவுள் இங்கே எடுபடுவாரா?

வள்ளலாரைப் பாருங்கள். சாதி, சமயம், சாத்திரம் எல்லாவற்றையும் உதறினார். கடவுளை மட்டும் விடவில்லை. அந்தக் கடவுளுக்கு ஓய்வும் கொடுக்கவில்லை. 1867இல் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறுபோடத் தருமசாலை திறந்து அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவருடைய பாடல்களை எதிர்த்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டுக் கோர்ட்டுக்கே போனார். சாப்பிட வந்தவர்கள் யாரும் போனதாகத் தெரியவில்லை.